மெமோவில் மட்டும் ஆபரேட்டர்

எங்கள் ஆலை பத்து வருஷம் பொய் எழுதியது. ஏழுமலை அண்ணன் ஹெல்பர் இல்லை, ஆபரேட்டர்.

இன்று காலை இறந்துவிட்டார். கல்வராயன் மலையில், அவர் வீட்டில். காய்ச்சல் என்கிறார்கள்...

கரும்பு ஆலைக் கழிவுநீரில் மெஷின் எண்ணெய் கலந்து வரும். மேலே மிதப்பதை வழித்துவிடலாம். பொடித் துளிகளாய்க் கலந்தது பால் மாதிரி அப்படியே நிற்கும். அதைத் தலைமுடியைவிட மெல்லிய இழைகள் அடைத்த பெட்டி வழியாக மெதுவாக விடுவோம். துளிகள் இழையில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிதாகி மேலே வந்துவிடும். தண்ணீர் தெளிந்து கீழே போகும்.

அதை ஓட்டியவர் அவர். அந்த ஆபரேட்டர் வேலை பழங்குடியினருக்கு ஒதுக்கியது. அவரும் பழங்குடிதான்; ஆனால் தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழ் தராமல் இழுத்தடித்தார்கள். ஆலையில் "தகுதியான ஆள் இல்லை" என்று இடத்தைக் காலியாகவே காட்டி, அவரை ஹெல்பர் என்று எழுதி வேலை வாங்கினார்கள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் கள்ளக்குறிச்சி பஸ் நின்றபோது மலையடிவாரத்திலிருந்து சைக்கிளில் வந்தார். கேன்டீனில் நாங்கள் யாருக்கு எத்தனை சதவீதம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

டீயை ஊதிக்கொண்டே கேட்டார்: "அந்த எடம் காலியா கீதுன்றாங்களே சார்... அப்ப தெனம் அங்க குந்திக்கினு இருக்கறது யாரு, என் பேயா?"

சிரித்தோம். வெட்கமில்லாமல்.

ஒரு ஆயுத பூஜைக்கு அவர் லீவு. இழைப் பெட்டியைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவச் சொன்னது சூப்பர்வைசரான நான்தான். சந்தனம், குங்குமம், பூ... எல்லாம் வைத்தோம். மறுநாள் தண்ணீர் பால் மாதிரியே வெளியே வந்தது.

அண்ணன் வந்து மோந்து பார்த்தார். "இன்னா சார், சோப்பு போட்டுக் குளிப்பாட்டினீங்களா? சோப்பு இருந்தா எண்ணெ ஒண்ணு சேராது சார். தனித்தனியா வழுக்கிக்கினு பூடும்."

மூன்று நாள் வெறும் தண்ணீர் விட்டு அலசினார்.

மெமோ எனக்கு வரவில்லை. அவருக்கு வந்தது. தப்புக்கு ஒரு ஆபரேட்டர் வேண்டுமே... "ஆபரேட்டர் ஏழுமலை" என்று டைப் அடித்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "எழுதிட்டாங்க, பாத்தீங்களா சார்!" நாலு ஜெராக்ஸ் எடுத்தார். ஒன்றை எனக்கே கொடுத்தார்.

இன்று கேட் போர்டில் "ஹெல்பர் ஏழுமலை மறைவு" என்று எழுதியிருக்கிறார்கள்.

போய்ட்டு வாங்க அண்ணே. அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

மேனேஜருக்கு அந்த ஜெராக்ஸைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே ஒரு வரி: "போர்டை அழித்து ஆபரேட்டர் என்று எழுதுங்கள் சார்."

நீல டிக் விழுந்து இரண்டு மணி நேரம் ஆகிறது.