ராஜையனுக்கு எந்தக் காலில் குண்டு?

தமிழரும் மலையாளிகளும் கலந்து வாழும் கரமனையில் பஸ் ஸ்டாப்பை ஒட்டிச் சாயாக்கடை வைத்திருந்த ராஜையன் பட்டாளத்தில் இருந்தவர். அங்கே அவருக்குச் சமையல் வேலை. எழுபத்திரண்டாம் வருஷம் பென்ஷனோடு ஊர் திரும்பிய அன்று புது பூட்ஸ் காலைக் கடித்துவிட்டது. இரும்புப் பெட்டியைத் தோளில் ஏற்றி, வலது காலைத் தாங்கித் தாங்கி அக்கிரகாரத் தெரு வழியாக வீட்டுக்கு நடந்தார். அதை மாடி ஜன்னலிலிருந்து தாணுமாலையன் பார்த்துவிட்டார்.

தாணுமாலையன் சர்க்கார் ஆபீசில் கிளார்க். தமிழ் வாரப் பத்திரிகைகளுக்குக் கதையும் எழுதுவார். நொண்டி வருகிற பட்டாளக்காரனைக் கண்டபிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. எழுதியதும்தான் இறங்கியது. வலது காலில் குண்டு பாய்ந்த சிப்பாய் வீடு திரும்புகிறான். மனைவி ஒரு வார்த்தை பேசாமல் வெந்நீர் கொண்டுவந்து அந்தக் காலைக் கழுவுகிறாள். அவ்வளவுதான் கதை. அச்சில் வந்ததும், அந்தச் சிப்பாய் நம்ம ராஜையன்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ராஜையன் பொய் சொல்லப் புறப்பட்டவரில்லை. சாயா குடிக்க வந்த பெரியவர் ஒருவர் இப்போதும் வலி உண்டா என்று பரிவாகக் கேட்டார். மழைக்காலத்தில் கொஞ்சம் உண்டு என்று ராஜையனின் வாய் சொல்லிவிட்டது. வாய் சொன்னபடி கால் நடக்க வேண்டியதாயிற்று. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அக்கிரகாரத்து மாமிகள் விசேஷ நாட்களில் பாயசம் கொடுத்தனுப்பினார்கள். பாயசம் அவருக்கு உயிர்.

மனைவி சுசீலாபாய் பாயசத்தைச் சாப்பிட்டாள். ஆனால் வாயை மூடவில்லை.

"உங்களுக்க காலுல பட்டது குண்டா, சோறு வச்ச குண்டானா?" என்று கேட்டாள்.

சில வருஷம் கழித்து அந்தக் கதை மலையாளத்தில் சினிமாவாக வந்தது. படத்தில் சிப்பாய் இழுத்து நடந்தது இடது காலை. கதாநாயகனுக்கு அந்தப் பக்கம்தான் வசதி என்று பேசிக்கொண்டார்கள். கதையில் வாய் திறக்காத மனைவி, படத்தில் பொன்முடி மலையின் மூடுபனிக்குள் ஓடி ஓடிப் பாடினாள். பிறகு காய்ச்சல் கண்டு செத்தும் போனாள். பொன்முடியைக் கண்ணால் கண்டிராத சுசீலாபாய், தியேட்டரில் தன் சாவைப் பார்த்தபடி கடலை கொறித்தாள். பக்கத்து சீட்டில் இருந்த, வாசகசாலை நடத்துகிற ஓமனா டீச்சர்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சிக்கல் ராஜையனுக்கு. தமிழ்க்காரர்கள் கதை படித்தவர்கள், மலையாளிகள் படம் பார்த்தவர்கள். அதனால் அக்கிரகாரத் தெருவில் அவருக்கு வலது கால் நொண்டியது. மலையாள டாக்சிக்காரர்கள் நிற்கிற ஜங்ஷன் திரும்பியதும் இடது. பழவங்காடிக் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போனால், எதிரே வருகிற முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். ஆள் தெரியாவிட்டால் நின்றுவிடுவார்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் ஓமனா டீச்சர் வாசகசாலையில் ஒரு கூட்டம் வைத்தாள். கதையையும் படத்தையும் ஒப்பிட்டுப் பேச தாணுமாலையன். சிறப்பு விருந்தினர் ராஜையன். எந்தக் காலோடு போவது என்று அவர் மனைவியிடமே யோசனை கேட்டார். இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள் அவள்.

வாசகசாலையில் வலப்பக்கம் அக்கிரகாரம், இடப்பக்கம் ஜங்ஷன். வாசலில் வலது காலை இழுத்தார். டாக்சிக்காரர்களைக் கண்டதும் இடது காலுக்கு மாறினார். மாமிகள் திரும்பிப் பார்த்ததும் இரண்டு காலும் ஒன்றோடொன்று பின்னி, மேடைப்படியில் உட்கார்ந்தே விட்டார்.

தாணுமாலையன் படத்தை ஒரு பிடி பிடித்தார். மௌனம்தான் கதையின் உயிர், படம் அதைப் பாட்டுப் பாடிக் கொன்றது என்றார். பாட்டு இல்லையென்றால் கதையை யார் பார்த்திருப்பார்கள் என்று ஒரு டாக்சிக்காரர் மலையாளத்தில் கேட்டார். இரண்டு பக்கமும் சூடாயிற்று. எது நிஜத்துக்குக் கிட்ட இருக்கிறது என்பதை ராஜையனே சொல்லட்டும் என்றாள் ஓமனா டீச்சர்.

ராஜையன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். அதற்குள் பெண்கள் வரிசையிலிருந்து சுசீலாபாய் எழுந்தாள்.

"கதையில நான் ஊமை. சினிமாவுல பாட்டுக்காரி. அன்னைக்கு நான் கேட்டது, அளவு பாத்து பூட்ஸ் வாங்கப்பிடாதா எண்ணு."

யாரோ சிரித்தார்கள். ராஜையன் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் கோபமில்லை என்று கண்டதும் அவருக்குத் தைரியம் வந்தது.

"சத்தியம் சொல்லுதேன். பட்டாளத்துல நான் வெடி வச்சதே இல்ல. கறிதான் வச்சேன்."

வாசகசாலை குலுங்கியது. தாணுமாலையன் மட்டும் சிரிக்கவில்லை. ராஜையன் தன்னை ஏமாற்றிவிட்டதாக அவருக்கு எண்ணம். தன்னிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லையே என்பது ராஜையனின் எண்ணம். இரண்டிலும் நியாயம் இருந்தது.

பாயசம் நின்றுபோனது. அதற்குப் பதிலாக டாக்சிக்காரர்கள் பட்டாளக் கறி எப்படியிருக்கும் என்று கேட்கத் தொடங்கினார்கள். ராஜையன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்கறி போட்டார். கூட்டம் ரோட்டில் நின்றது. சுசீலாபாய் கல்லாவில் உட்கார்ந்தாள்.

தாணுமாலையன் மழைக்காலம் முழுக்க அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து, கறி வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சாயா கேட்டார். பட்டாளத்துச் சமையலறையைப் பற்றி எழுதலாமென்று இருப்பதாக மெதுவாகச் சொன்னார். ராஜையன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, ஆயிரம் பேருக்கு உப்புப் பார்ப்பது எப்படி என்று ஆரம்பித்தார்.