கட்டாரிலிருந்து வந்த ஹெட்லைட்

என் காரின் பழைய ஹெட்லைட் இரண்டும் மஞ்சள் பூத்துப் போயிருந்தன. பொழுதுபடுகிற மம்மல் நேரத்தில் போட்டால், ரோட்டில் வெளிச்சம் விழுகிறதா இல்லையா என்று இறங்கிப் பார்க்க வேண்டிய நிலைமை. கட்டாரில் வேலை செய்கிற தம்பியிடம் போனில் புலம்பியிருந்தேன். லீவில் வந்தவன், அங்கே அடிபட்டுக் கிடந்த இதே மாதிரிக் காரொன்றிலிருந்து கழற்றிய ஒரு சோடி ஹெட்லைட்டைத் தடித்த போர்வைக்குள் சுற்றிக் கொண்டுவந்து தந்தான். கண்ணாடி பளபளவென்று இருந்தது. நாலு நாள் மேசையில் வைத்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

நான் கிரானில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வீடு வந்தாறுமூலையில். பின்னேர வகுப்பையும் முடித்துக்கொண்டு திரும்பப் பொழுது பட்டுவிடும். ஒளி நேர்கோட்டில் போகும், பட்ட கோணத்திலேயே தெறிக்கும் என்று வருசா வருசம் பலகையில் கோடு கீறிக் காட்டுகிறவள் நான். இதை ஏன் முதலே சொல்லிவைக்கிறேன் என்றால், பிறகு நடந்த வெட்கக்கேட்டுக்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஏறாவூரில் வாகன லைட் வேலை செய்கிற ஒரு முஸ்லிம் அண்ணன் இருக்கிறார், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறது. அவரிடம் கொண்டுபோனேன். பகலென்றாலும் அவருடைய தகரக் கொட்டில் இருட்டுத்தான். புது லைட்டைப் பூட்டி, காரை மதிலுக்கு நேரே நிற்பாட்டச் சொன்னார். மதிலில் கரியால் கோடு போட்டிருந்தார்: லைட்டின் உயரத்துக்குப் படுத்த கோடு ஒன்று, ஒவ்வொரு லைட்டுக்கும் நேரே நிமிர்ந்த கோடு ஒவ்வொன்று. லைட்டின் முதுகில் இரண்டு திருகாணி இருக்கும். ஒன்றைத் திருப்பினால் வெளிச்சம் மேலே கீழே போகும், மற்றதைத் திருப்பினால் அங்கால இங்கால போகும். காக்கா திருப்பினார், மதிலைப் பார்த்தார், மறுகாவும் திருப்பினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இது சரிவராது."

"ஏன் சரிவராது?"

"இங்க பாருங்க. நம்மட லைட்டெண்டா வெளிச்சம் இடப்பக்கம்தான் கொஞ்சம் மேல ஏறும், ரோட்டோரம் போற ஆள் தெரியணும் எண்டு. எதிர வாறவன்ட கண்ணில படாது. இது வலப்பக்கம் ஏறுது. அங்க வாகனம் வலப்பக்கத்தால ஓடுற நாடு. அந்த ரோட்டுக்குச் செய்த லைட் இது."

"அதுக்குத்தானே திருகாணி இருக்கு. திருப்புங்களன்."

"திருகாணி முழு வெளிச்சத்தையும்தான் ஏத்தும் இறக்கும். கண்ணாடிக்குள்ள அமைச்சத மாத்தாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "காக்கா, வெளிச்சத்தப் பத்தி எனக்கா படிப்பிக்கிறீங்க?"

"இல்ல டீச்சர், நீங்க படிச்சவங்க. நான் மதிலப் பாத்துச் சொல்றன்" என்றார் அவர். கோபமே இல்லை. பழைய லைட்டைக் கொண்டுவந்தால் தேய்த்துப் பாலிஷ் போட்டுத் தருவதாகவும், அதுவரைக்கும் இதை நன்றாக இறக்கிவிடுவதாகவும் சொல்லி, அப்படியே செய்து அனுப்பினார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்த ஆள் என் புது லைட்டுக்குக் கண் வைக்கிறார், எப்படியாவது கழற்றி எடுத்து வேறு ஆருக்கோ பூட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எழுதவே கூசுகிறது.

அன்று பொழுதுபட வீட்டுக்கு வரும்போது காரின் மூக்கடி மட்டும்தான் தெரிந்தது. அடுத்த நாள் விடிய பொனட்டைத் திறந்தேன். மேசை லாச்சிக்குள் கிடந்த திருப்புளியை எடுத்து, மேலே ஏற்றுகிற திருகாணி எது என்று கண்டுபிடித்து, ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்தாதென்று இன்னும் ஒன்று திருப்பினேன். ஆரும் சொல்லித் தரவில்லை. என்ட கையால்தான் செய்தேன். அன்று மம்மலில் லைட்டைப் போட்டால், அடேயப்பா! வயல் வட்டைக்குள் தூரத்தில் நிற்கிற மாடு கூடத் தெரிந்தது. "என்னையே பேய்க்காட்டப் பார்த்தாரே மனிசன்" என்று தனியே சிரித்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கிழமையிலிருந்து எதிரே வருகிறவர்கள் எல்லாரும் எனக்கு லைட்டை வெட்டி வெட்டிக் காட்டினார்கள். எங்கள் பக்கத்தில் அப்படிக் காட்டினால் முன்னுக்குப் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். நான் வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்து இருந்து, நல்ல பிள்ளையாய் ஓடுவேன். பொலிஸைக் காணவே காணேன். நாளுக்கு நாள் இதே கூத்து. "சனத்துக்கு என்ன விசர் பிடிச்சிருக்கு!" என்று ஏசினேன். ஒருநாள் பஸ்காரன் ஒருவன் தலையை வெளியே நீட்டி என்னவோ கத்தினான். நானும் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். அவன் சொன்னது எனக்கு விளங்கவில்லை. நான் சொன்னது அவனுக்கு விளங்கியிருக்கும்.

எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு மீன் கொண்டுவருகிற அண்ணன் ஒருவர் இருந்தார். காலையில் வாவியில் வலை வீசி, பின்னேரம் சைக்கிளில் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். மணலை மீனும் இறாலும் அவர் பெட்டியில் எப்போதும் அப்போதுதான் பிடித்த மாதிரி இருக்கும். சனிக்கிழமைகளில் எனக்கென்று கொஞ்ச இறாலைத் தனியே ஒரு பையில் போட்டு வைத்திருப்பார். வித்து முடித்துப் பொழுதுபட வடக்கே தன் வீட்டுக்குத் திரும்புவார். அதே நேரம்தான் நான் கிரானிலிருந்து தெற்கே வருகிறது.

ஒருநாள் வழியிலிருக்கிற மதகடியில், என் வெளிச்சத்துக்குள் ஒரு சைக்கிள் எதிரே வந்தது. முன்சில்லு ஆடியது. ஓட்டிவந்தவர் ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். அடுத்த நிமிசம் சைக்கிளும் ஆளும் பெட்டியும் ரோட்டை விட்டு இறங்கி வாய்க்காலுக்குள் போனதைக் கண்டேன். ஆள் மீன்கார அண்ணன்தான் என்றும் கண்டேன். நிற்பாட்டவில்லை. பின்கண்ணாடியில் பார்த்தேன், எழும்பி நின்றார். எழும்பிவிட்டார்தானே என்று என் மனம் ஆறிவிட்டது. "நல்லாப் போட்டிட்டு வாறார் போல" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நினைத்ததோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா கிடக்காதே. அடுத்த நாள் ஒழுங்கையில் கண்ட பொம்பிளைகளிடம், "மீன்காரர் குடிச்சுப்போட்டு வாய்க்காலுக்குள்ள கிடந்தாருகா" என்றேன். எழும்பி நின்றவரைக் "கிடந்தார்" ஆக்கியது நான்தான். கதையென்றால் கொஞ்சம் உறைப்பு வேண்டுமே! டீச்சர் சொன்னால் சனம் நம்பும். ஒரு கிழமைக்குள் அவருடைய சைக்கிளை மறிக்க ஒருத்தரும் வாசல் படலைக்கு வரவில்லை. அவர் ஹோர்னை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போவார். பிறகு அவர் வருகிறதும் நின்றுபோனது.

ஒரு சனிக்கிழமை காலை நடந்து வந்தார். பெட்டியும் இல்லை, சைக்கிளும் இல்லை. நெற்றியில் காய்ந்த காயம். வீட்டுக்குள் வரச் சொன்னேன், வரவில்லை, படியிலேயே நின்றார்.

"சனம் நான் குடிக்கிறன் எண்டு கதைக்குது டீச்சர். நான் அதத் தொட்டதே இல்ல. அது கிடக்கட்டும். என்ட கண் போகுது."

"என்ன செய்யுது கண்ணுக்கு?"

"மற்ற நேரமெல்லாம் நல்லாத் தெரியும். மம்மலில மதகடிக்கு வந்தா ஒரேயடியா வெள்ளையாப் போகுது. ரோட்டும் இல்ல, ஓரமும் இல்ல. மூணு தரம் விழுந்திட்டன். என்ட அப்பாவுக்கும் கண் போய்த்தான் கடைசிக்காலம். கண்ணில்லாதவன் தனிய வாவிக்குள்ள போகேலுமா? தோணியையும் வலையையும் விக்கப்போறன் டீச்சர்."

"எத்தனை மணிக்கு இப்படி வருகுது?"

"நீங்க வகுப்பு முடிஞ்சு வருவீங்களே, அந்த நேரந்தான்."

எந்தக் கள்ளமும் இல்லாமல் சொன்னார். நேரத்துக்கு அடையாளமாகத்தான் என்னைச் சொன்னார். எனக்கு மதிலும் கரிக்கோடும் காக்காவின் விரலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அந்தப் படியிலேயே சொல்லியிருக்க வேண்டும். "உங்கட கண்ணில ஒண்டுமில்ல, என்ட லைட்டிலதான் பிழை" என்று ஒரு வசனம், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக நான் சொன்னது, "யோசிக்காதீங்க, மட்டக்களப்புக்குக் கண் கிளினிக்குக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்." அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

லீவு போட்டு அதே காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஏறுவதற்கு முதல் செருப்பைக் கழற்றித் தட்டினார். முன்னுக்குப் பார்த்துவிட்டு, "புது லைட்டா டீச்சர்? வடிவாக் கிடக்கு" என்றார். நான் சாவியைத் தேடுகிற மாதிரிக் கைப்பைக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

கிளினிக்கில் மூன்று கால் போட்ட எழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் காட்டச் சொன்னார்கள். கடைசி வரிவரைக்கும் காட்டினார். மருந்து விட்டுப் பார்த்த டொக்டர், "ஐயா, உங்கட கண் என்ட கண்ணை விட நல்லம்" என்றார். மீன்கார அண்ணன் சந்தோசப்படுவார், இத்தோடு பிரச்சினை முடியும், நானும் தப்புவேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவருடைய முகம் வெளிறிவிட்டது.

"கண் நல்லமெண்டா மறுகா எங்க டீச்சர் பிழை? மண்டைக்குள்ளயா?"

திரும்பி வரும்போது வாவிப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். "அந்தத் தோணியில ரெண்டு பேர். தெரியுது. பின்னுக்கு இருக்கிறவன் தொப்பி போட்டிருக்கான். தெரியுது" என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே காரை ஓட்டினேன். வாய் திறக்கவில்லை. பஸ்காரனுக்குக் கத்தத் தெரிந்த வாய், ஒழுங்கை முழுக்கக் கதை பரப்பத் தெரிந்த வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டு விட்டது. சீ, என்ன மனிசி நான்!

இரண்டு நாள் கழித்துக் கேள்விப்பட்டேன். அவருடைய வீட்டார் கோயிலில் தெய்வம் ஆடுகிறவரிடம் போய்க் கேட்டார்களாம், மதகடியில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். தோணியைப் பார்க்க அடுத்த நாள் ஆள் வருகிறதாம்.

அன்றே பள்ளிக்கூடம் விட்டதும் பின்னேர வகுப்பை நிறுத்திவிட்டு, பழைய லைட்டை எடுத்துக்கொண்டு ஏறாவூருக்குப் போனேன். காக்கா பொனட்டைத் திறந்தார்.

"ஆரோ ஏத்தி இரிக்காங்களே டீச்சர்."

"நான்தான் காக்கா."

காக்கா புது லைட்டைக் கழற்றினார். பழையதைத் தேய்த்து, பாலிஷ் போட்டுப் பூட்டி, மதிலுக்கு நேரே நிற்பாட்டித் திருகாணியைத் திருப்பினார். "இப்ப பாருங்க" என்றார். வெளிச்சம் கோட்டுக்குக் கீழே நேராகப் படுத்து, இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறி நின்றது. அவரைப் பற்றி நான் நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வெட்கத்துக்கு மேல் என்னால் தாங்க ஏலாது.

அங்கிருந்து நேரே மீன்கார அண்ணன் வீட்டுக்குப் போனேன். வளவில் அவரும் பெண்சாதியும் வலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். இருக்கக் கதிரை போட்டார்கள். இருக்காமலே சொன்னேன். லைட் வந்த கதை, காக்கா வேண்டாம் என்றது, நான் திருப்பியது, மதகடியில் கண்டும் நிற்பாட்டாமல் போனது, கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோதே எனக்குத் தெரியும் என்பது, எல்லாம்.

ஏசுவார் என்று நின்றேன். ஏச மாட்டாரா என்று ஆசைப்பட்டேன். அவர் துள்ளி எழும்பினார்.

"அடி, கேட்டியா! என்ட கண் நல்லமாம்! மண்டையும் நல்லமாம்! லைட்டாம் டீ, டீச்சர்ட லைட்டாம்!"

சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். கண்ணில் தண்ணி. வாற ஆளுக்குத் தோணி விற்பனை இல்லை என்று சொல்லவேண்டும் என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார். பெண்சாதி எழும்பவில்லை. மடியில் வலையோடு இருந்தபடியே கேட்டாள்.

"அப்ப இவர் குடிக்கிறார் எண்டு சொன்னதும் நீங்கதானா டீச்சர்?"

அதை மட்டும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"ஓம்" என்றேன்.

"என்ட ரெண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில அதக் கேட்டுக்கொண்டு வந்ததுகள். எந்த வாயால சொன்னீங்களோ, அதே வாயால அந்த ஒழுங்கையில போய்ச் சொல்லுங்க." குரலை உயர்த்தவே இல்லை அவள்.

போனேன். முதல் வீட்டு அக்கா கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். "மீன்கார அண்ணன் குடிக்கிறல்லகா" என்றேன்.

"ஓமா? விட்டிட்டாரா? நல்ல விசயம்."

"விடுறதுக்கு அவர் குடிச்சாத்தானே! முந்தியும் குடிக்கல்ல. நான்தான் பிழையாச் சொன்னன். என்ட கார் லைட் கண்ணில அடிச்சுத்தான் விழுந்தவர்."

அவள் என்னை அன்பாகப் பார்த்தாள். "உங்களுக்கு நல்ல மனசு டீச்சர். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனீங்களாமே. ஒரு குடிகாரனுக்காக ஆர் இவ்வளவு செய்வாங்க?"

மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் தலையை ஆட்டினார்கள். அடுத்த நாள் பின்னேரம் அவர் பெட்டியோடு வந்தார். அந்த அக்கா படலைக்கு வந்து, மீனைத் தெரிந்தெடுக்க முதல், கிட்டப் போய் அவருடைய வாயை மோந்து பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். நான் என் படலைக்குள் நின்று அதைப் பார்த்தேன்.