வாசலில் செருப்பு வரிசை

ஆவடியில் எங்கள் டாக்டரிடம் டோக்கன் கிடையாது. வாசலில் செருப்பை வரிசையாக விட்டுவிட்டு வேப்பமர நிழலில் உட்கார வேண்டியதுதான். குடைக்கம்பி போல ஒல்லியான கம்பவுண்டர், ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தே கூப்பிடுவார். "ஊக்கு குத்தின ரப்பர் செருப்பு, உள்ள போ."

ஒரு நாள் என் மகள் மூக்குக்குள் புளியங்கொட்டையைத் திணித்துக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸிலிருந்து ஓடினேன்.

"செருப்ப எங்க வுட்டுக்கீற?" என்றார் கம்பவுண்டர்.

குனிந்து பார்த்தேன். "போட்டுக்கவே இல்லைண்ணே."

முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "செருப்ப மறந்துட்டு ஓடியாந்தா அதாம்மா அவசரம். நீ உள்ள போ."

டாக்டர் தொடுவதற்குள் மகள் தும்மினாள். கொட்டை அவர் மேசையில் விழுந்து உருண்டது.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகும்போது பார்த்தேன். அந்த வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. கூட்டம் முழுக்க வெறுங்காலோடு வந்து, ஒரு காலைத் தூக்கிக் காட்டியபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. கம்பவுண்டர் மட்டும் பதறாமல், குனிந்து குனிந்து உள்ளங்கால்களைப் பார்த்து, அழுக்குக் கால்களை முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தார்.