பெனடிக்ற் காரைப் பதித்த கதை

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து பள்ளிமுனைக்குத் திரும்பியபோது பெனடிக்ற் கூட்டி வந்தது மனைவி றோசம்மாவை. கொண்டு வந்தது இரண்டு பானைகளையும், இராமநாதபுரத்தில் கார் திருத்தும் கராச் ஒன்றில் பழகிய தொழிலையும். மூன்று வருடத்தில் வீட்டுக்குக் கூரை போட்டான். பழைய யப்பான் கார் ஒன்று வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடத் தொடங்கினான்.

அதுவரை வாங்கியதெல்லாம் தேவைக்கு. அழகுக்கென்று முதன்முதலில் வாங்கியது காருக்கு நான்கு அலோய் சில்லுகள்தான். பதினேழு அங்குலம், பளபளவென்று வெள்ளி போல. பூட்டிப் பார்த்தால் கார் எழும்பி நின்றது. சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் கோழி அடைகாக்கலாம்.

"வேட்டிய மடிச்சுக் கட்டின ஆள் மாதிரி நிக்குதப்பா," என்றாள் றோசம்மா.

பெனடிக்றுக்கு அது சுருக்கென்று தைத்தது. மறுநாளே காரை ஜக் கொடுத்து உயர்த்தி நான்கு ஸ்பிறிங்கையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒன்றரைச் சுற்றை வெட்டி எறிந்தான். கார் நிலத்தோடு தாழ்ந்து அழகாகப் பதிந்தது. அன்று பின்னேரம் ஒரு வேலையுமில்லாமல் கோயிலடியை மூன்று தரம் சுற்றி வந்தான்.

ஆனால் வெட்டிய ஸ்பிறிங் பாரம் தாங்கவில்லை. பின்சீற்றில் ஒருவர் இருந்தால் சத்தமில்லை. இருவர் என்றால் ரயர் மட்காட்டில் உரசி முனகும். மூவர் என்றால் பன்றியைப் பிடித்ததுபோல் கத்தும். ஹயருக்கு யாராவது போன் எடுத்தால், எங்கே போகவேண்டும் என்று கேட்கமுன் ஆட்களின் உடம்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினான்.

இப்படியிருக்க விடத்தல்தீவிலிருந்து கலியாண ஹயர் ஒன்று வந்தது. கலியாணப் பொம்பிளை டிலக்சனா மெலிந்த பிள்ளை என்று அறிந்துதான் ஓம் என்றான். கூட வரப்போகும் மாமி, அவளின் தகப்பனின் அக்கா இராசம்மாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பட்டுச் சேலையும் பவுனுமாக அவர் ஏறியபோது காரின் பின்பக்கம் பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது.

பெரிய றோட்டில் மெல்ல உருட்டி ஒருவாறு பாலம் தாண்டிவிட்டான். பள்ளிமுனைக் கோயிலுக்குப் போகும் ஒழுங்கையில்தான் மேடும் பள்ளமும்.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. இந்த மேட்டில ஒருக்கா இறங்குவீங்களோ?"

"ஆர், நானோ?"

"கார் அடிபடும்."

"பொம்பிளையை இறக்கேலாது. மாமியை இறக்கலாம், என்ன?"

இறங்கினார். மேடு தாண்டி ஏறினார். இருபது யார் தூரம் போனதும் அடுத்த மேடு. மூன்றாவது மேட்டில் இறங்கியவர் கதவை அடித்துச் சாத்தினார்.

"ஏறி இறங்கிற நேரத்துக்கு நான் நடந்தே போவன் தம்பி. நீர் உம்மட சில்லைப் பாத்துக்கொண்டு வாரும்!"

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். பின்னால் பூச்சோடித்த கார் ஊர்ந்தது. கோயில் வாசலில் நின்ற பாண்ட் வாத்தியக்காரர், காரின் முன்னே கம்பீரமாக நடந்துவரும் பெண்மணியைக் கண்டு, யாரோ பெரிய ஆள் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். வாத்தியம் கேட்ட அவசரத்தில் மாப்பிள்ளை வீட்டார் பொம்பிளைக்கு வைத்திருந்த மாலையை அவர் கழுத்தில் போட்டார்கள். இராசம்மா ஒரு கணம் திகைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி மாலையை ஏற்றுக்கொண்டார்.

காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த டிலக்சனா, காருக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதைக் கண்ட பிறகுதான் பெனடிக்றுக்கு மூச்சு வந்தது.

அடுத்த கிழமை அவன் கொழும்புக்குப் போய், பதிந்த காருக்கென்றே செய்த உறுதியான ஸ்பிறிங் வாங்கிப் பூட்டினான். மட்காட்டின் விளிம்பை உள்ளே மடித்து அடித்தான். இப்போது நான்கு பேர் ஏறினாலும் சத்தமில்லை.

ஒருநாள் தாராபுரத்து வஸீர் தன் வானைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அண்ணன், இதையும் உங்கட கார் மாதிரிப் பதிச்சுத் தாங்கோ."

"எத்தினை பேரை ஏத்துவாய்?"

"பதினைஞ்சு. பெருநாளெண்டால் இருபது."

பெனடிக்ற் அவனைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, வானில் கை வைக்காமலே சந்தோசமாக வீட்டுக்கு அனுப்பிவைத்தான்.