மூன்று பேருக்கு ஒரு வாடகைக் கார்

1997 நவம்பர் 12, புதன்கிழமை. வழமைபோல் ஐந்து மணிக்கு எழுந்து கேத்தலை அடுப்பில் வைத்தேன். கடற்கரைப் பக்கத்தால் முதல் ரயில் போகும்போது முகம் வழித்துக்கொண்டிருந்தேன். அந்த அதிர்வில் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குளியலறைக் கண்ணாடி சற்று நடுங்கும். அந்த நேரம் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிடுவேன். பிறகு வானொலிச் செய்தி. பிறகு, அடையாள அட்டையும் வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசில் பதிந்த பத்திரத்தின் பிரதியும் அவரவரிடம் இருக்கின்றனவா என்று பார்ப்பது. மகனின் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்காமல் அவனை ஒருநாளும் கேற்றுக்கு வெளியே விட்டதில்லை.

அன்று மட்டும் அந்த ஒழுங்கை நானே மாற்றினேன். காலையில் தூதரகத்தில் எங்களுக்கு நேர்முகம். கடவுச்சீட்டுகள், அடையாள அட்டைகள், வங்கிக் கடிதம், வாடகைக் கார் பதிவு, ஸ்கீ வகுப்புக்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் அவர்கள் கேட்கக்கூடிய வரிசையில் ஒரே நீலக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தேன். அதிகாரிக்கு முன்னால் நின்று பைகளுக்குள் கைவிட்டுத் தேடக்கூடாது என்பது என் எண்ணம்.

நாங்கள் சுவிஸுக்குப் பனிச்சறுக்கு விடுமுறை போகிறோம். விண்ணப்பத்தில் அப்படித்தான் இருந்தது.

மகனுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். ஓகஸ்டில் பொலிசார் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்ச் சில நாட்கள் வைத்திருந்து வெளியே விட்டார்கள். திரும்பி வந்தவன் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. வலது பக்கம் சரிந்து படுக்க மாட்டான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு அலுவல்தான் இருந்தது. அவனை இந்த நாட்டிலிருந்து வெளியே எடுப்பது. மனைவியின் அண்ணர் சூரிச்சுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். "கொண்டுவந்து விடுங்கோ மச்சான், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார் தொலைபேசியில்.

கொட்டாஞ்சேனையில் ஒரு புடவைக்கடையின் மாடியில் இருந்த பயண முகவர்தான் பனியைக் கண்டுபிடித்தவர்.

"சொந்தக்காரரைப் பாக்கப் போறோம்னா கதவைச் சாத்திருவாங்க சார். போனவங்க யாரு திரும்பி வந்தா? நீங்க கம்பனியில கணக்காளர். நல்ல சம்பளம், கார் லைசன் இருக்கு. குடும்பத்தோட பனியில சறுக்கப் போறோம்னு கேளுங்க. காரை வாடகைக்கு எடுத்து மலைக்கு ஓட்டிப் போறவன் ஓடி ஒளிய மாட்டான்னு நெனைப்பாங்க."

"எங்களுக்கு அங்கே மச்சான் இருக்கிறாரே."

"இல்ல சார். உங்களுக்கு அங்க யாருமே இல்ல."

பொய் என்றாலும் விவரம் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நூலகத்தில் பழைய பயணச் சஞ்சிகைகளைத் தேடிப் படித்தேன். காலி வீதிக் கொமியூனிகேஷன் கடையிலிருந்து கார் நிறுவனத்துக்கு பெக்ஸ் அனுப்பினேன். எத்தனை பேர், எத்தனை பெட்டி, சக்கரத்துக்குச் சங்கிலி வேண்டுமா, கூரையில் ஸ்கீப் பலகை கட்டும் தாங்கி வேண்டுமா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். எல்லாம் வேண்டும் என்று எழுதினேன். சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். மழைக்கோட்டுக்கு மேல் எதையும் போட்டறியாத நாங்கள் மூவரும், ஸ்கீச் சப்பாத்து எடுத்து வைக்கும்படி, எங்கள் சப்பாத்து அளவுகளை ஒரு மலைக் கிராமத்துக்கு அறிவித்தோம்.

மாலைகளில் ஒத்திகை. சாப்பாட்டுக் கதிரைகளைக் கார் போல இரண்டு வரிசையாகப் போட்டோம். அந்த நாட்டில் வீதியின் வலப்பக்கத்தால் ஓட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கத்தில் இருக்கும். நான் இடப்பக்கக் கதிரையில் இருந்து, கியருக்குப் பதிலாக உப்புப் போத்தலை வலக்கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பழகினேன். மனைவி பக்கத்தில். மகன் பின்னால் இருந்து, அதிகாரியின் குரலில் கேள்வி கேட்பான்.

"பனியில் சக்கரம் வழுக்கினால் என்ன செய்வீர்கள், மேடம்?"

"இறங்கி நிண்டு அழுவன்" என்றாள் மனைவி.

"இஞ்சேரும், பகிடி விடாதையும். சங்கிலி போடுவம் எண்டு சொல்ல வேணும்" என்றேன்.

"எனக்கு விளங்கேல்லை எண்டுதான் கேக்கிறன். காலில பலகையைக் கட்டிக்கொண்டு போய் எதுக்கு வழுக்கோணும்? மாரியில கிணத்தடியில நான் சும்மாவே வழுக்கி விழுந்தனான். அதுக்கு ஒருத்தரும் காசு கேக்கேல்லை."

மகன் சிரித்தான். ஓகஸ்டுக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அதனால் ஒத்திகையைத் தேவைக்கு மேலாகவே நடத்தினேன்.

இன்னொரு நாள் அவள் கதிரைகளைப் பார்த்துவிட்டு எழும்பி நின்றாள்.

"மூண்டு பேராய் ஒரு காரில போறதோ?"

மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் புறப்படக்கூடாது என்பதில் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். கலியாணவீடு என்றாலும் கோயில் என்றாலும் எங்களில் ஒருவர் முன்னால் போய்ச் சந்தியில் நிற்க வேண்டும். மற்ற இருவரும் பிறகு போய் அவரை ஏற்றிக்கொள்வோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவளோடு அதற்காகச் சண்டை பிடிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

"அங்க உம்மட அண்ணர் ஏறுவார். நாலு பேர்" என்றேன், உப்புப் போத்தலை இரண்டாம் கியருக்குத் தள்ளிக்கொண்டு.

அவள் திருப்தியோடு உட்கார்ந்தாள். ஒத்திகை தொடர்ந்தது.

அந்தப் புதன்கிழமையும் அதே வழக்கம்தான். மகன் முன்னால் நடந்து போய் காலி வீதிச் சந்தியில், ஒரு பேக்கரிக்கு முன்னால் நிற்பது. நாங்கள் ஓட்டோவில் வந்து அவனை ஏற்றுவது. ஐந்து நிமிட நடை. அவன் வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டியும் அணிந்து கேற்றைத் திறந்துகொண்டு போனான். நான் கோப்பை இன்னொருமுறை புரட்டிச் சரிபார்த்தேன். மூன்று அடையாள அட்டைகளும் அவற்றுக்குரிய இடத்தில் இருந்தன.

பேக்கரிக்கு முன்னால் அவன் இல்லை. கடைக்காரர் வெளியே வந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் சிங்களத்தில் சொன்னார். "மாத்தயா, இப்பதான் ஜீப் வந்தது. காட் இல்லாத பொடியன்களை ஏற்றிக்கொண்டு போனது."

கோப்பு என் மடியில் இருந்தது. மனைவி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். யாருடைய பிழை என்று சொல்லத் தொடங்கியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டோம்.

தூதரகத்தில் நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த தவணை தை மாதத்துக்குப் பிறகு என்று முகவர் சொல்லியிருந்தார். அதனால் நான் இறங்கினேன். கடவுச்சீட்டுகள் மூன்றையும் அவளுடைய அடையாள அட்டையையும் உருவி அவளிடம் கொடுத்தேன். "நீர் போய் இடத்தைப் பிடிச்சு வையும். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன். ஓட்டோ போன பிறகுதான் கோப்பு என் கையிலேயே இருப்பதைக் கண்டேன். வங்கிக் கடிதம், கார், சங்கிலி, சப்பாத்து அளவு, ஒன்றும் இல்லாமல் அவள் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் கேட்டால் விளங்கும், கதைக்க வராது.

பொலிஸ் நிலையத்தில் அவன் சுவரோரம் ஒரு நீட்டு மர வாங்கில் இருந்தான். அவனைப் போல இன்னும் பலர் இருந்தார்கள். வலது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தான். கழுத்துப் பட்டியைக் கழற்றி எடுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. எழும்பலாமா என்று கொன்ஸ்டபிளைப் பார்த்தான். என் பிள்ளை அதைப் பழகி வைத்திருந்தான்.

மேசையில் இருந்த சார்ஜன்டிடம் அடையாள அட்டையைக் கொடுத்து, என் பிழையால்தான் அது அவனிடம் இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். ஏன் உங்களிடம் இருந்தது என்று கேட்டார். தூதரகம் என்றேன். எதற்கு என்றார். கோப்பைத் திறந்து வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஸ்கீ வகுப்பு விளம்பரத்தில், மஞ்சள் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பலகையில் சறுக்கும் படத்தில் அவர் கை நின்றது.

"நுவரெலியாக் குளிர் காணாதா மாத்தயாவுக்கு?"

கொன்ஸ்டபிள்மார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் மகனைக் கூப்பிட்டு, அங்கே போய் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். வலப்பக்கம் ஓடுவது, சங்கிலி, காலை வகுப்பு, மாலையில் தேவாலயத்தைப் பார்ப்பது என்று ஒத்திகையில் சொன்ன அதே ஒழுங்கில் அவன் சொன்னான். குரல் மட்டும் அவனுடையது இல்லை.

"தகப்பனும் மகனும் ஒரே டியூஷன் வகுப்பு" என்றார் சார்ஜன்ட். கோப்பை மூடினார். "போனால் திரும்பி வருவீங்களா?"

அதற்கும் பதில் இருந்தது. ஜனவரியில் ஆண்டுக் கணக்கு முடிக்க வேண்டும், ஆகவே நான் திரும்பியாக வேண்டும். ஒத்திகையில் எத்தனை தடவை சொன்ன பதில். அந்த வாங்குக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். நிலையத்துப் பெரியவர் வந்து கையெழுத்துப் போடட்டும், இருங்கள் என்றார். பெரியவர் வர மத்தியானம் கழிந்தது. வெளியே விடும்போது சார்ஜன்ட் அடையாள அட்டையை மகனிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். நானும் பழக்கத்தில் அதைக் கோப்புக்குள் வைத்தேன்.

வீட்டுக்குப் போனபோது மனைவி வந்திருந்தாள். மகனின் தோளிலும் முதுகிலும் மெல்லக் கைவைத்துப் பார்த்தாள். அவன் முகம் சுழிக்கவில்லை என்று கண்ட பிறகே தேத்தண்ணி ஊற்றினாள்.

"தூதரகத்தில என்ன கேட்டவை?" என்றேன்.

"நீங்கள் ரெண்டு பேரும் எங்க எண்டு."

"என்ன சொன்னீர்?"

"உள்ளதைத்தான். பிள்ளையைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டுது, மனுசன் எடுக்கப் போட்டார் எண்டு. அதுக்கு நீங்கள் பொய் ஒண்டும் சொல்லித் தரேல்லையே."

மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் இருந்தாளாம். பிள்ளை ஏன் உங்களோடு வராமல் தனியாக நின்றான் என்று அதிகாரி கேட்டாராம். மூன்று பேராகப் புறப்படக்கூடாது என்று இவள் விளங்கப்படுத்தியிருக்கிறாள்.

"அவர் சிரிச்சவர். சிரிச்சுப் போட்டுக் கேட்டார், அப்ப அங்க ஒரு கார்தானே எடுத்திருக்கிறீங்கள், அதில மூண்டு பேரும் எப்பிடிப் போவீங்கள் எண்டு."

அவள் சொல்லப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது. மேசையில் உப்புப் போத்தல் நின்றது.

"என்ர அண்ணர் ஏறுவார், நாலு பேர் எண்டு சொன்னன். நீங்கள் சொன்னதுதானே."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதை எழுதினவரோ?"

"ஓம். பிறகு, நாளைக்குக் காலமை மூண்டு பேரும் ஒண்டாய் வரட்டாம் எண்டு சொன்னவர்."

"கோபமாய்ச் சொன்னவரோ?"

"அந்த முகங்களில கோபம் எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு என்ன தெரியும்?"

முகவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "போகாதீங்க சார்" என்றார். "பாஸ்போட்டுல ரிஜெக்ட் அடிச்சுட்டா அப்புறம் எந்த நாட்டுக்கும் கேக்க முடியாது. மூணு பேருக்கும் சேத்து முடிஞ்சிரும். பேசாம விட்டுட்டு அடுத்த வருசம் வேற வழி பாக்கலாம்."

ரிசீவரை வைத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே இருவருக்கும் சொன்னேன். அடுத்த வருடம் என்பது அவன் இன்னும் எத்தனை காலை இந்தச் சந்தியைத் தாண்ட வேண்டும் என்பது. நான் கணக்குப் பார்ப்பவன். அதைப் பார்க்கத் துணியவில்லை. போனால் எல்லாக் கதவும் அடைபடலாம். போகாவிட்டால், திறந்திருக்கிற ஒன்றை நாங்களே அடைக்கிறோம்.

"நான் போறன் அப்பா" என்றான் மகன். "அந்த வாங்கில இனி என்னால இருக்கேலாது."

பிறகு அவனே கேட்டான். "ஸ்கீக் கேள்வியளைத் திருப்பிப் பாக்கவோ?"

"வேண்டாம். என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லுவம்."

"அப்ப காருக்கு என்ன சொல்லுறது?"

"நாலு பேர் எண்டுதான்" என்றாள் அவன் தாய்.

வியாழக்கிழமை காலை, கேத்தலை வைப்பதற்கு முன்னால், கோப்பிலிருந்து அவனுடைய அடையாள அட்டையை எடுத்து, கதவில் தொங்கிய அவனுடைய சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினேன். மனைவி ஏற்கெனவே எழும்பி உடுத்துக்கொண்டு நின்றாள். வீதிக்குப் போய் ஓட்டோவை மறித்து கேற்றடிக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். "இண்டைக்கு ஒருத்தரும் முன்னுக்குப் போகத் தேவையில்லை" என்றாள். அவனை நடுவில் ஏற்றி, நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் ஏறினோம்.