லிஃப்ட்காரர் படியேறிய பதினான்கு வாரம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. நாள் முழுவதும் இரும்புக் கதவை இழுத்துத் திறந்து, "மேலேயா, கீழேயா?" என்று கேட்டுக் கேட்டு, அவர் பெயரே "மேலேயா கீழேயா" என்றாகிவிட்டது. மரியாதை தெரிந்தவர்கள் லிஃப்ட்காரர் என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இருபத்திரண்டு வருடம் அந்தக் கூண்டுக்குள் ஒரு வட்ட ஸ்டூலில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவர். அவர் ஏறி இறங்கிய உயரத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தால் மலையேறுகிறவர்கள் வெட்கப்பட வேண்டும். ஆனால் ஒரு அடிகூடச் சொந்தக் காலால் ஏறியதில்லை. வீட்டிலும் அதே கதைதான். "ஆகாயத்துக்கும் பூமிக்கும் போய்ட்டு வர்ற மனுஷன், மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஏற மாட்டேங்கறார்" என்று அவர் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் தையல் கம்பெனியில் மெஷினில் உட்காருகிறவள். அவளும் உட்கார்ந்து செய்யும் வேலைதான், ஆனால் கால் சும்மா இருக்காது.

ஒரு நாள் கட்டடத்து மேனேஜர் லிஃப்டில் ஏறினார். மூன்றாவது மாடி தாண்டும்போது விஷயத்தைச் சொன்னார். பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதிதாகத் தானியங்கி லிஃப்ட் போடப்போகிறார்கள். அதற்கு ஆள் தேவையில்லை.

"அப்ப நான்?"

"அதான் யோசிக்கிறோம்" என்றார் மேனேஜர். யோசிக்கிறோம் என்றால் யோசித்து முடித்தாயிற்று என்று அர்த்தம். அது லிஃப்ட்காரருக்கும் தெரியும்.

"தீ பாதுகாப்புக்குன்னு தேர்வு வெச்சு ஒரு ஆள் எடுக்கப் போறீங்களாமே சார். எனக்கு இந்தக் கட்டடம் அங்குலம் அங்குலமா தெரியும்."

மேனேஜர் அவருடைய வயிற்றைப் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் பார்த்தார். "தீ பிடிச்சா மொதல்ல நிக்கறது லிஃப்டுதான். எட்டு மாடி படியேறணும். ஒவ்வொரு மாடியிலும் யார் இருக்காங்கன்னு பாக்கணும். மேலேர்ந்து ஆளத் தூக்கிட்டு இறங்கணும். உங்களை யாரு தூக்கறது?"

லிஃப்டுக்குள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. "தேர்வு என்னைக்கு சார்?" என்று கேட்டுவிட்டார். வாய் முந்திக்கொண்டது.

"பதினாலு வாரம் இருக்கு. தீயணைப்பு அதிகாரியே வந்து பாப்பார்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ஏழாவது மாடியில் இறங்கிக்கொண்டார்.

மறுநாள் கட்டடம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து லிஃப்ட்காரர் படியில் கால் வைத்தார். முதல் மாடி சுமாராகப் போனது. இரண்டாவது மாடியில் நெஞ்சு படபடவென்று அடித்தது. மூன்றாவது மாடியில் கண்ணில் பூச்சி பறந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினார்.

ஐந்தாவது மாடி இதய கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுக்கும் நர்ஸ் அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தாள். ஒல்லியான பெண். தினமும் படியில்தான் போவாள். லிஃப்ட்காரருக்கு அவள் மேல் இதனாலேயே ஒரு மனத்தாங்கல் உண்டு.

"என்ன அண்ணே, லிஃப்ட் ரிப்பேரா?"

"இல்லம்மா, நான்தான் ரிப்பேர்."

அவள் சிரிக்கவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். கொஞ்சம் ஆறியதும் லிஃப்டில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய் ஈ.சி.ஜி. எடுத்து, டாக்டர் வந்ததும் காட்டினாள். டாக்டர் காகிதச் சுருளைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார். "இதயத்துல ஒரு கோளாறும் இல்ல. வேலை குடுக்காம வெச்சிருக்கீங்க, அவ்வளவுதான். மெதுவா ஆரம்பிங்க. நெஞ்சு வலிச்சா, தலை சுத்தினா, நிறுத்திட்டு நேரா இங்க வாங்க" என்றார்.

நர்ஸ் அதை அவருக்குப் புரியும்படி சொன்னாள். "இதயமும் ஒரு தசைதான் அண்ணே. ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ரத்தத்த வெளிய தள்ளும். பழக்கமில்லாத இதயம் ஒரு துடிப்புக்குக் கொஞ்சமாத்தான் தள்ளும். கால் ரத்தம் வேணும்னு கேட்டா, அதுக்கு ஓடி ஓடித் துடிக்கறதத் தவிர வேற வழி தெரியாது."

லிஃப்ட்காரர் யோசித்தார். "கூண்டுல ரெண்டு ரெண்டு பேரா ஏத்துனா ட்ரிப் கூடிப்போகுமே, அந்த மாதிரியா?"

"அதேதான்! பழக்கிட்டா ஆறு ஆறு பேரா ஏத்தும். ட்ரிப் கொறையும்."

இது அவருக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. அன்று மாலைக்குள் கட்டடத்தில் பாதிப் பேருக்கு இதயத்தைப் பற்றி வகுப்பு எடுத்துவிட்டார்.

பயிற்சி அப்படித்தான் தொடங்கியது. முதல் வாரம் இரண்டு மாடி ஏறி நிற்பார், மூச்சு சமன்பட்டதும் இன்னும் இரண்டு. பேச முடிகிற வேகத்தில்தான் ஏற வேண்டும் என்பது நர்ஸ் போட்ட சட்டம். தனியாக ஏறுகிறவர் யாரிடம் பேசுவது? எனவே லிஃப்டில் சொல்வதையே படியிலும் சொல்லிக்கொண்டு போனார். "ரெண்டாவது மாடி, பல் டாக்டர், வக்கீல். மூணாவது மாடி, இன்சூரன்ஸ்." வாக்கியம் நடுவில் அறுந்தால் நின்றுவிட வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஏற வேண்டும், தசை வலுப்படுவது ஏறும்போது இல்லை, ஓய்வில்தான் என்றும் அவள் சொல்லியிருந்தாள். அந்தச் சட்டத்தை மட்டும் அவர் ஒரு நாளும் மீறியதில்லை.

மூன்றாவது வாரமே நான்கு மாடி நிற்காமல் ஏறினார். கால் பருத்ததா என்று மனைவியிடம் காட்டினார். "பழைய குச்சியாத்தான் இருக்கு" என்றாள் அவள். நர்ஸிடம் கேட்டபோது, மொதல்ல நரம்புதான் கத்துக்கும், இருக்கற தசைய முழுசா வேலைக்கு இழுக்கும், தசை பருக்கறது அதுக்கப்புறம்தான் என்றாள். ஆறாவது வாரம் காலையில் படுக்கையில் இருந்தபடியே நாடி பிடித்துப் பார்த்தார். தொடங்கும்போது நிமிடத்துக்கு எண்பத்தாறு. இப்போது எழுபத்தெட்டு. மனைவியை எழுப்பி எண்ணச் சொன்னார். அவளும் தூக்கக் கலக்கத்தில் எண்ணி, எழுபத்தெட்டு என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டார்.

ஒன்பதாவது வாரம் எட்டு மாடியும் ஏறிவிட்டார். ஊரைக் கூட்டாத குறைதான். மேனேஜரே அறையைவிட்டு வெளியே வந்து பார்த்தார். "சரி, நாளன்னிக்கு ஒரு ஒத்திகை வெச்சிடலாம். லிஃப்ட ஆஃப் பண்ணிடறேன்" என்றார்.

இங்கேதான் ஒரு லிஃப்ட்காரரால் மட்டுமே செய்ய முடிந்த தவறு வெளியே வந்தது. ஒன்பது வாரமாக அவர் ஏறியது படியில். இறங்கியது? மேலே போனதும் பொத்தானை அழுத்துவார், கூண்டு வரும், ராஜா மாதிரி உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்து இறங்குவார். இறங்குவதற்குக்கூடவா பயிற்சி வேண்டும், அது தானாக நடப்பதுதானே என்பது அவர் கணக்கு.

ஒத்திகையில் ஏறியதற்குக் கைதட்டல் விழுந்தது. ஆளுக்குப் பதிலாக மேலே வைத்திருந்த பதினைந்து கிலோ மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். மூச்சு வாங்கவே இல்லை. ஆனால் ஐந்தாவது மாடி வரும்போது தொடை வெடவெடவென்று நடுங்கியது. மூன்றாவது மாடியில் முட்டி மடங்கிப்போய் மூட்டையோடு படியில் சரிந்தார். அடி ஒன்றும் படவில்லை, மானம்தான் போயிற்று. மேனேஜர் கீழிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, லிஃப்டை மறுபடி ஆன் பண்ணிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் அவரால் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. கழிப்பறையில் பட்ட பாடு அவருக்கும் சுவருக்கும்தான் தெரியும்.

"என்ன, இன்னைக்கு நின்னுட்டே ஓட்டறீங்க?" என்று வக்கீல் கேட்டார்.

"உங்களுக்கு மரியாதை சார்" என்றார் லிஃப்ட்காரர்.

அன்று வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "என்னால ஆகாதும்மா. நாளைக்கே சொல்லிடறேன்" என்றார். மனைவி அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க ஏற மாட்டீங்கன்னு இருபத்திரண்டு வருஷமா நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். ஏறிட்டீங்க. என் வாய அடச்சிட்டீங்க. எறங்கறதுக்கா பயப்படறீங்க?" என்றாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

விஷயத்தைக் கேட்ட நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விளக்கினாள். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே கனத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. இதயத்துக்கு அது லேசான வேலை, தசைக்கு அது முரட்டு வேலை. நுண்ணிய இழைகள் அங்கங்கே நைந்துபோகும், ஒன்றிரண்டு நாள் கழித்து வலி கொன்றுவிடும். "ஆனா ஒரு நல்ல சேதி அண்ணே. நைஞ்ச எடத்த உடம்பு சும்மா ஒட்டுப்போடாது, முன்னவிட கெட்டியாக்கும். அடுத்த தடவை இதே எறக்கத்துக்கு இவ்வளவு வலிக்காது. எது பழக்கறோமோ அதுதான் பழகும். நீங்க ஏறப் பழகினீங்க, ஏற வந்துச்சு."

ஐந்து வாரம் மிச்சம் இருந்தது. வலி அடங்கியதும் முதலில் இரண்டு மாடி இறங்கினார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூட்டை இல்லாமல். அப்புறம் நான்கு. பன்னிரண்டாவது வாரம் ஐந்து கிலோ, அடுத்த வாரம் பத்து. நர்ஸ் சொன்னது அப்படியே பலித்தது. தொடை வலித்தது, ஆனால் மனிதர்கள் தாங்குகிற வலி. ஸ்டூலில் உட்கார்ந்து எழ முடிந்தது. கால்சட்டையைத் தொடைப் பக்கம் கொஞ்சம் பிரித்துத் தைக்கும்படி ஆனபோது, மனைவி டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள்.

தேர்வு நாள் வந்தது. தீயணைப்பு அதிகாரி நல்ல ஆஜானுபாகு. ஸ்டாப்வாட்சோடு கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "பத்து நிமிஷம். மேல போயி, ஒவ்வொரு மாடியும் பாத்து, மூட்டையோட எறங்கி வந்து, எந்த மாடியில எத்தனை பேர்னு எனக்குத் தெளிவாச் சொல்லணும். திணறினா செல்லாது. தீக்குள்ள நுழையற எங்க ஆளுங்களுக்கு உங்க வாக்குதான் கண்ணு" என்றார். மேனேஜர் லிஃப்ட் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

லிஃப்ட்காரர் ஓடவில்லை. பழகிய வேகத்திலேயே ஏறினார். நெஞ்சு வேகமாகத்தான் அடித்தது, ஆனால் பயந்து அடிக்கவில்லை, வேலை செய்து அடித்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து தலைகளை எண்ணினார். எட்டாவது மாடியில் மூட்டையைத் தோளுக்கு ஏற்றினார். இறக்கத்தில் ஐந்தாவது மாடி வந்தது, தொடை நின்றது. மூன்றாவது மாடி வந்தது, நின்றது. கீழே வந்து மூட்டையை இறக்கி வைத்து, அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எட்டாவது மாடி ஆறு பேர் சார். ஏழு, பதினோரு பேர். ஆறாவதுல யாரும் இல்ல, பூட்டியிருக்கு. அஞ்சுல ஒன்பது பேர், அதுல ஒருத்தர் ஈ.சி.ஜி. மேஜையில படுத்திருக்கார், அவருக்கு உதவி வேணும். நாலு, ஏழு பேர். மூணு, பதினாலு. ரெண்டுல அஞ்சு பேர், ஒருத்தர் பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்து வெச்சுட்டிருக்கார். ஒண்ணு, எட்டு. மொத்தம் அறுபது."

அதிகாரி ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். எட்டரை நிமிடம். லிஃப்ட்காரரைப் பார்த்தார். பிறகு திரும்பி லிஃப்டைப் பார்த்தார்.

"இது நிஜமா ஆஃப்லதான் இருக்கா?"

மேனேஜர் சாவியைத் தூக்கிக் காட்டினார்.

"அப்ப மூட்டைய மேலேர்ந்து வேற யாராவது எறக்கிக் குடுத்தாங்களா? இந்த வயசுல எட்டு மாடி ஏறி எறங்குன ஆளு மாதிரித் தெரியலையே. மூச்சே வாங்கல."

லிஃப்ட்காரருக்குக் கோபம் வர வேண்டியது. வந்தது ஆனந்தம். அவர் வாழ்க்கையில் யாரும் அவரைப் பார்த்து இவ்வளவு பெரிய பாராட்டைச் சொன்னதில்லை. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார். "ஒரு ரெண்டு நிமிஷம் குடுங்க சார், நாடி எறங்கட்டும். அப்புறம் நாம சேர்ந்தே ஏறலாம். உங்க கண்ணாலயே பாத்துக்குங்க."

ஏறினார்கள். முதல் மாடியில் அதிகாரி தன் பணி அனுபவங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவது மாடியில் "ஆமா", "இல்ல" என்று மட்டும் சொன்னார். ஐந்தாவதில் தலையை ஆட்டினார். ஆறாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இன்னும் ரெண்டு மாடி இருக்கு சார்" என்றார் லிஃப்ட்காரர், ரொம்பப் பணிவாக.

அதிகாரி கையை ஆட்டி வேண்டாம் என்றார். அங்கேயே சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். போனை எடுத்து மேனேஜரை அழைத்து, "இவர... எடுத்துக்... குங்க" என்றார். மேனேஜர் கீழிருந்து, "என்ன சார்? வெளங்கல, திரும்பச் சொல்லுங்க" என்று கத்தியது படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

லிஃப்ட்காரர் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வேலை கிடைத்தாயிற்று, இறங்கியிருக்கலாம். ஆனால் மிச்சம் இரண்டு மாடியையும் ஏறினார். மேலே நின்று மனைவிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"எட்டாவது மாடியில நிக்கறேன்மா."

"அதிசயமா என்ன? அங்கதான தெனமும் நிப்பீங்க?"

"நடந்து வந்தேன். இன்னைக்கு ரெண்டாவது தடவை. வேலையக் குடுத்துட்டாங்க."

அவளுடைய மெஷின் நின்றது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "சரி, எறங்கும்போது பாத்து எறங்குங்க. கைப்பிடியப் பிடிச்சுக்குங்க" என்றாள்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைத் தொடாமல் எட்டு மாடியும் இறங்கினார்.