கம்பங்கொல்லையில் குப்புறக் கிடந்த கல்

சண்டைக் காலம் அது. நோட்டும் பென்சிலுமாக யாராவது ஊருக்குள் வந்தால், வீட்டிலிருக்கும் நெல்லைக் கணக்கெழுதிச் சர்க்காருக்குக் கொண்டுபோக வந்தவர் என்றுதான் நினைப்போம். அன்றைக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றதும், என் மாமியார் போய் நெல் குதிருக்கு முன்னால் மறைத்து நின்றுகொண்டார். கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம்.

வந்தவர் நெல்லைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் கம்பங்கொல்லை ஓரத்தில் குப்புறக் கிடந்த கல்லைக் கேட்டார். அரியலூரில் ஒரு பழைய பங்களாவில் சித்திரங்களும் செப்புச் சிலைகளும் வைத்து மியூசியம் திறந்திருந்தார்கள். அதற்கு அவர்தான் பொறுப்பாம். காடுகரையில் கேட்பாரற்றுக் கிடக்கும் கற்சிலைகளைப் பங்களாவை ஒட்டிய வேப்பந்தோப்பில் நிறுத்தப் போவதாகச் சொன்னார். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், டிக்கெட் கிடையாது என்றார்.

டிக்கெட் கிடையாது என்றதுதான் என் வீட்டுக்காரரை உறுத்தியது. சும்மா காட்டுவதற்கு ஒருத்தன் இவ்வளவு தூரம் அலைவானா என்று என்னிடம் அடுப்படியில் வந்து கேட்டார்.

அந்தக் கல்லின் முகத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை. மூதேவி சிலை என்று மட்டும் கேள்வி. நிமிர்த்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அப்படியே விட்டிருந்தார்கள். அதன் முதுகில் அரிவாள் தீட்டுவார்கள். நான் அந்த வீட்டுக்கு வந்த மாசம் ஒரு காளை பாம்பு கடித்துச் செத்தது. அதிலிருந்து, கோபம் வந்தால் மாமியார் என்னையும் மூதேவி என்றுதான் கூப்பிடுவார். அதனால் கல் போனால் நல்லதென்றே எனக்குப் பட்டது.

மாமியாரும் முதலில் சரி என்றுவிட்டார். விடிந்ததும் அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. மூதேவியைத் தேடிக்கொண்டு எவன் வருவான், அடியில் ஏதோ புதையல் இருக்கிறது என்றார். கல்லை ஏற்ற வண்டி வருவதற்கு முன்னால் என் வீட்டுக்காரரும் பண்ணையாளும் கடப்பாரையால் கல்லை நெம்பி, குப்புறக் கிடந்தபடியே ஓரமாகத் தள்ளிவிட்டு, இடுப்பளவுக்குத் தோண்டினார்கள். சுக்கான் கல்லும் இரண்டு தேளும்தான் கிடைத்தன. கண்ணாடிக்காரர் வந்து குழியைப் பார்த்தார். கல்லை வைக்கோலில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு, இங்கிலீஷில் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஊரில் அதைப் படிக்க ஆளில்லை.

ஒரு மாசம் கழித்துச் சந்தையில் பேச்சு அடிபட்டது. சிலைகளை வைக்கோலில் பொதிந்து ரயிலேற்றுகிறார்கள், அங்கிருந்து கப்பலுக்குப் போகிறது என்று. என் வீட்டுக்காரருக்கு அதுவே போதுமாக இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு அரியலூருக்கு வண்டி கட்டினார். தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி, எங்கள் சிலையை அந்த ஆள் விற்றுவிட்டான் என்று கலெக்டருக்கு எழுதி வாங்கி, தபால் பெட்டியில் போட்டார். அதற்கப்புறம்தான் தோப்புக்குப் போனோம். முதலில் அங்கே போயிருக்கலாம். எனக்கும் அப்போது அது தோன்றவில்லை.

தோப்புக்குக் கதவுமில்லை, காவலுமில்லை. செங்கல் மேடைகளில் சாமிகள் வெயிலில் நின்றார்கள். சந்தைக்கு வந்த பெண்கள் நந்தியின் நிழலில் கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பண்ணையாளின் மனைவியும் அங்கே இருந்தாள். எங்கள் ஊர்க் கோயில் படியை அவள் சனத்தை மிதிக்க விடாதவர்கள் நாங்கள். அவள் பெருமாளின் பாதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் கையை எடுத்தாள். டிக்கெட் இல்லாதது இதற்குத்தானா என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார்.

இரண்டு சுற்று வந்தோம். எங்கள் கல் இல்லை. கண்ணாடிக்காரர் வந்து, பின்பக்கம் கழுவிக்கொண்டிருப்பதாகவும் அடுத்த வாரம் வந்து பார்க்கும்படியும் சொன்னார்.

"அடுத்த வாரம் கப்பல்ல இருக்குமாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர்கள் வாய்த்தகராறில் இருந்தபோது நான் பங்களாவைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். கீற்றுக் கொட்டகையில், வைக்கோல் மேல், ஈரத்தோடு ஒரு சிலை மல்லாந்து கிடந்தது. பெரிய வயிறும் தளர்ந்த மார்புமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த அம்மாள். ஒரு பக்கம் மாட்டுத்தலை மகன், மறுபக்கம் மகள், மேலே காக்கைக் கொடி. அந்த முகத்தில் கெடுதல் எதையும் நான் காணவில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தவள் மாதிரி இருந்தாள்.

நான் கூப்பிட்டதும் என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். இது நம்முடையதில்லை, மாற்றிவிட்டான் என்றார். நம்முடையதன் முகத்தைப் பார்த்தவர் யார் என்று கேட்டேன். கண்ணாடிக்காரர் இரண்டு ஆட்களை விட்டுச் சிலையைப் புரட்டச் சொன்னார். முதுகில் அரிவாள் தீட்டிய பள்ளங்கள் இருந்தன. என் வீட்டுக்காரர் அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். மனுவைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு மாசம் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார். மியூசியக்காரர் சிலையை விற்றது நிஜம்தானா, நிஜமென்றால் அந்த ஆளுக்கு வேலை போகும் என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் தனக்கு எதுவும் தெரியாது என்றார். நான் நிலைப்படிக்கு உள்ளே நின்றிருந்தேன். அந்நிய ஆண்களிடம் அதுவரை பேசியதில்லை.

"கல்லு அங்கதாங்க இருக்கு, என் கண்ணால பார்த்தேன். மனு போட்டது எங்க தப்புங்க" என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் நாலு நாள் என்னோடு பேசவில்லை. மாமியார் மட்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, அது பார்க்க எப்படி இருந்தது என்று கேட்டார். பிள்ளை குட்டியோடு உட்கார்ந்திருக்கிறது, கோபமாக இல்லை என்றேன்.

அறுவடை முடிந்து ஒருதரம் தோப்புக்குப் போனேன். சிலையை ஒரு வேம்படியில் நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. வாங்க என்று சொல்லவில்லை. வேலை தப்பியது என்னால் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனு போட்ட வீட்டுப் பெண் என்பது மட்டும் தெரியும் போல. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி என் கூடவே வந்தார். அம்மாளின் முழங்காலைத் தொடக் கை நீட்டினேன். அவர் தொண்டையைக் கனைத்தார். சுற்றிலும் சனங்கள் தொட்டுக்கொண்டும் சாய்ந்துகொண்டும்தான் இருந்தார்கள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.